அரியணையும் அருமருந்தும் – 6: கைதட்டிய அமைச்சரவை

சென்ற வாரம் நைரோபியில் நின்றோம். 1990இல் கென்ய அதிபர் டேனியல் அராப் மோய் ‘கெம்ரான்’ என்ற மருந்தை எய்ட்ஸுக்கு ஆப்பிரிக்கா கண்ட விடை என்று உலகத்துக்கு அறிமுகப்படுத்தினார். பின்னால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் நடந்த ஆய்வுகளில் அதனால் பயன் எதுவும் தெரியவில்லை. அந்தப் பாடத்தைப் பக்கத்து நாடுகள் படித்திருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஏழே ஆண்டுகளில், கண்டத்தின் தென்கோடியில் அதே நாடகம் இன்னும் பெரிய மேடையில் தொடங்கியது.

1997 ஜனவரி 22, புதன்கிழமை.

தென்னாப்பிரிக்க அமைச்சரவை கூடியிருக்கிறது. நிறவெறி ஆட்சி ஒழிந்து மூன்று ஆண்டுகள்கூட நிறையவில்லை. மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பலர் சிறையிலும் அயல்நாடுகளிலும் பாதி வாழ்க்கையைக் கழித்துவிட்டு வந்தவர்கள். துணை அதிபர் தாபோ இம்பெக்கி அங்கே இருக்கிறார். மண்டேலாவுக்குப் பிறகு அவர்தான் என்பது அப்போதே ஊரறிந்த செய்தி. சுகாதார அமைச்சர் நிகோசசானா டிலாமினி சூமாவும் இருக்கிறார்.

அன்று அந்த அறைக்குள் கோப்புகளோடு நோயாளிகளும் வந்தார்கள்.

எய்ட்ஸ் முற்றிச் சாவை எதிர்பார்த்துக் கிடந்தவர்கள் அவர்கள். புதிய மருந்து ஒன்றை எடுத்துக்கொண்ட பிறகு உடம்பில் தெம்பு திரும்பியதாகத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். அழைத்து வந்தவர்கள் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தோடு தொடர்புள்ள ஆய்வாளர்கள்: ஓல்கா விசர் என்ற மருத்துவத் தொழில்நுட்ப வல்லுநரும், அவருடன் சேர்ந்து பணியாற்றிய இரண்டு மருத்துவர்களும். மருந்தின் பெயர் விரோடீன். பதினொரு பேருக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறோம், பலன் வியப்பாக இருக்கிறது, மேற்கொண்டு ஆய்வு செய்ய 37 லட்சம் ராண்ட் வேண்டும் என்று கேட்டார்கள்.

அவர்கள் பேசி முடித்ததும் அமைச்சர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்தக் கைதட்டலைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. கண்ணெதிரே பிழைத்து நிற்கும் மனிதரைப் பார்த்து நெகிழாதவர் யார்? ஆனால் ஓர் அரசாங்கம் அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயின. முதல் கேள்வி மிக எளியது. நோயாளிகளின் தோலில் ஒட்டப்பட்ட அந்தப் பட்டையில் இருந்தது என்ன?

* * *

டைமெத்தில்ஃபார்மமைடு.

அக்ரிலிக் இழையும் செயற்கைத் தோலும் தயாரிக்கும் ஆலைகளில் பயன்படும் கரைப்பான் அது. அதைக் கையாளும் தொழிலாளர்களின் கல்லீரல் கெடும் என்பது தொழிற்சாலை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த உண்மை. தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கிவிடும் என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது என்று தொழிலாளர்களை எச்சரிப்பார்கள். விரோடீனை நோயாளிக்குக் கொடுத்ததும் அதே தோல் வழியாகத்தான்.

உறுப்புகளை உறைய வைத்துப் பாதுகாக்கும் ஆராய்ச்சியில் இந்தத் திரவத்தோடு வேலை செய்துகொண்டிருந்தவர் விசர். அங்கிருந்து எய்ட்ஸுக்குத் தாவினார். இடையில் எந்த வாயிற்காவலையும் அவர்கள் கடக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரவில்லை. மனிதர்கள் மேல் சோதிப்பதற்கு நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுக் கவுன்சில் அனுமதி தரவும் இல்லை. அதாவது, அமைச்சரவையில் எழுந்து நின்று பேசிய அந்த நோயாளிகள் முறையற்ற சோதனைக்கு உட்படுத்தப்பட்டவர்கள். அவர்களுடைய உரிமையைக் காக்க வேண்டிய அரசாங்கமே அவர்கள் எதிரில் அமர்ந்து கைதட்டியது.

சுகாதார அமைச்சர் டிலாமினி சூமா ஒரு மருத்துவர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவரை அக்கறையற்றவர் என்று யாரும் சொல்ல முடியாது. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இலவச மருத்துவம் வந்தது அந்தப் புதிய அரசின் காலத்தில்தான். சிகரெட் நிறுவனங்களோடு துணிந்து மோதியவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் ஏன் தடுமாறினார்? அங்கிருந்த மற்றவர்கள் ஏன் தடுமாறினார்கள்?

* * *

அந்த ஆண்டுகளின் நெருக்கடியை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990இல் தென்னாப்பிரிக்காவின் அரசு மருத்துவமனைகளுக்கு வந்த கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. தொற்று இல்லை. 1996இல் அது 14 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில், 1998இல், 22.8 சதவீதம். பிரசவ வார்டில் ஐந்து பெண்கள் இருந்தால் ஒருவருக்காவது தொற்று.

1996 ஜூலையில் கனடாவின் வான்கூவரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டில் நல்ல செய்தியும் வந்திருந்தது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் வைரஸ் அடங்குகிறது என்று காட்டினார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஆனால் விலை? ஓர் ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவில் அந்தத் தொகையைக் கேட்டாலே போதும், மருந்து இல்லை என்று சொன்னதற்குச் சமம். நோய் தெற்கில் இருக்கிறது, மருந்து வடக்கில் இருக்கிறது என்று மருத்துவர்கள் மேடைகளில் குமுறிய காலம் அது.

அதே 1996இல் சுகாதார அமைச்சகம் இன்னொரு அடியும் வாங்கியிருந்தது. எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக ‘சரஃபினா 2’ என்ற இசை நாடகத்துக்கு 1.4 கோடி ராண்டுக்கு மேல் ஒதுக்கியதில் முறைகேடு என்று நாடே கொந்தளித்தது. அந்தக் களங்கத்தைத் துடைக்க அரசுக்கு ஒரு வெற்றி தேவைப்பட்டது.

இவற்றையெல்லாம்விட ஆழமான காரணம் ஒன்று உண்டு. அதே ஜனவரியில், அதே பிரிட்டோரியாவில், வூட்டர் பாசன் என்ற இதய மருத்துவர் போதை மாத்திரை விற்றதாகக் கைது செய்யப்பட்டார். நிறவெறி அரசின் ரகசிய ரசாயன, உயிரியல் ஆயுதத் திட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் அவர். கறுப்பின மக்களுக்கு எதிராக விஞ்ஞானத்தையே ஆயுதமாக்கிய ஆய்வுக்கூடங்களைப் பற்றிய உண்மைகள் அந்தக் கைதுக்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வெள்ளை அங்கி போட்டவர்கள் சொன்னதை எல்லாம் நம்பக் கூடாது என்று அந்த மக்களுக்கு வரலாறு கற்றுக்கொடுத்திருந்தது. அப்படி ஒரு நாட்டில், ‘இது நம் மண்ணில் பிறந்த மருந்து, ஆப்பிரிக்கரை இருண்டவர் என்று சொன்ன உலகத்துக்கு நம் பதில்’ என்று ஒருவர் வந்து நின்றால் நெஞ்சு விம்மத்தான் செய்யும்.

நெஞ்சு விம்மட்டும். ஆனால் அமைச்சரவையின் கையொப்பமும் மேடைப் பேச்சும் அந்த விம்மலில் பிறக்கக் கூடாது.

* * *

அன்று அந்த அறையில் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்தத் தொடரின் மையமே இதுதான்.

பதினொரு பேர் தேறினார்கள் என்கிறார்கள். தேறியது மருந்தாலா? எய்ட்ஸ் நோயாளியின் உடல் நேர்கோட்டில் சரிவதில்லை. நிமோனியா வரும், அடங்கும். வயிற்றுப்போக்கு வாட்டும், சில வாரம் விட்டுவிடும். கவனிப்பாரற்றுக் கிடந்தவரை ஒரு மருத்துவர் தினமும் வந்து பார்த்தாலே, நல்ல சாப்பாடு கிடைத்தாலே, ‘பிழைத்துவிடுவாய்’ என்று ஒருவர் கையைப் பிடித்துச் சொன்னாலே எடை கூடும், முகம் தெளியும். அதை நோயாளி பொய்யாகச் சொல்வதில்லை. அவருக்கு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. எதனால் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியாது. அவருக்கு மருந்து கொடுத்தவராலும் சொல்ல முடியாது.

இதற்காகத்தான் ஒப்பீட்டுக் குழு என்ற முறை வந்தது. ஒரே நிலையில் உள்ள நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு சாராருக்கு மருந்தும் மறு சாராருக்கு மருந்துபோலத் தோன்றும் வெற்றுப் பொருளும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது. முடிவில் இரண்டு குழுவையும் எண்ணிப் பார்ப்பார்கள். அதற்கும் முன்னால் விலங்குகளில் நச்சுச் சோதனை, பிறகு சிறிய அளவில் மனிதர்களில் பாதுகாப்புச் சோதனை. விரோடீனுக்கு இவற்றில் எதுவும் முறையாக நடக்கவில்லை. தேறாமல் போனவர்கள் இருந்தார்களா, அவர்களை ஏன் அழைத்து வரவில்லை என்று கேட்கவும் அந்த அறையில் வழியில்லை. மேடைக்கு வருகிறவர் எப்போதும் பிழைத்தவர்தான்.

அமைச்சர் ஒருவருக்கு இந்த நுட்பமெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்தவர்களைக் கொண்ட ஓர் அமைப்பு அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. ‘முதலில் அவர்களிடம் போங்கள், அவர்கள் முடிவைச் சொல்லும்வரை நாங்கள் இதைப் பற்றி ஒரு சொல்லும் பேச மாட்டோம்’ என்று சொல்வதே அரசின் கடமை. அதற்கு மருத்துவ அறிவு வேண்டாம், தன் வாய்ச்சொல்லின் எடை என்ன என்று தெரிந்தால் போதும். சாதாரண மனிதர் ஒருவர் ஒரு மருந்தைப் புகழ்ந்தால் அது அவருடைய அபிப்பிராயம். துணை அதிபர் புகழ்ந்தால், சாகக் கிடப்பவர்களின் வீட்டில் அது சான்றிதழ்.

அந்த அமைப்பின் பெயர் மருந்துக் கட்டுப்பாட்டுக் கவுன்சில். அதன் தலைவர் கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் பீட்டர் ஃபோல்ப்.

விரோடீன் கோப்பு அவர் மேசைக்கு வந்தது.

* * *

தாலிடோமைடு என்ற மாத்திரையால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறைந்து பிறந்த துயரத்துக்குப் பிறகு, உலகம் முழுவதும் மருந்துச் சட்டங்கள் இறுகின. தென்னாப்பிரிக்காவில் அத்தகைய சட்டம் 1965இல் வந்தது. கவுன்சில் அந்தச் சட்டத்தின் பிள்ளை. நிறவெறிக் காலத்தில் பிறந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதைச் சந்தேகிக்கவும் அப்போது பலர் தயாராக இருந்தார்கள்.

கவுன்சில் கோப்பைப் படித்தது. நச்சுத்தன்மை பற்றிய தரவு இல்லை, ஆய்வுத் திட்டம் சரியில்லை, நோயாளிகளின் பாதுகாப்புக்கு உறுதி இல்லை என்று அனுமதி மறுத்தது. ஆய்வாளர்கள் மீண்டும் விண்ணப்பித்தார்கள். மீண்டும் மறுப்பு. 1997 முழுவதும் இப்படியே போனது. இதற்கிடையே ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை மூண்டு நீதிமன்றம்வரை போனது. அதைத் தீர்த்து வைக்கும் முயற்சியில் நாட்டின் துணை அதிபரே இறங்கினார். ஒரு மருந்து வேலை செய்கிறதா என்பதே தெரியாத நிலையில், அதைத் தயாரிப்பவர்களின் குடும்பத் தகராறுவரை ஆட்சி போய் நின்றது.

1998இன் தொடக்கத்தில் எதிர்க்கட்சி ஒரு குண்டைப் போட்டது. விரோடீன் நிறுவனத்தில் ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசுக்குப் பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்றது. கட்சி மறுத்தது. மார்ச்சில் இம்பெக்கி கட்சியின் ‘மயிபுயே’ இதழில் தம் பெயரில் ஒரு கட்டுரை எழுதினார். பங்கு கிடையாது என்று சொல்வதோடு அவர் நிறுத்திக்கொண்டிருக்கலாம். நிறுத்தவில்லை. அமைச்சரவையில் நோயாளிகளின் வாக்குமூலத்தைக் கேட்டது தமக்குக் கிடைத்த பேறு என்று எழுதினார். சாகக் கிடப்பவர்களுக்குக் கருணை அடிப்படையிலாவது இந்த மருந்து கிடைக்க உரிமை உண்டு, அதையும் கவுன்சில் மறுக்கிறது, யார் வாழ்வது யார் சாவது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது எடுத்துக்கொண்டிருக்கிறது என்று குற்றம் சாட்டினார். விரோடீன் பயனுள்ளதா இல்லையா என்பது அறிவியல் முறையில் தெளியும்வரை ஓய மாட்டேன் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தனியாகப் படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. கவுன்சில் கேட்டதும் அதைத்தானே? அறிவியல் முறையில் தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் கதவை மூடிவைத்தார்கள். ஆனால் அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்டே, அறிவியலின் வாயிற்காவலரைக் கொலைகாரர் இடத்தில் நிறுத்தியது அந்தக் கட்டுரை. சாகக் கிடக்கும் ஒரு மகனின் தாய் அதைப் படித்தால் என்ன நினைப்பாள்? மருந்து இருக்கிறது, யாரோ கொடுக்க மறுக்கிறார்கள் என்றுதான். உண்மையில் இருந்தது ஆலைக் கரைப்பான். ஒரு தலைவர் மக்களின் நம்பிக்கையை அந்த இடத்துக்கு நடத்திக்கொண்டு போனதை எந்த நெருக்கடியும் நியாயப்படுத்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. அதே மார்ச் மாதம் கவுன்சிலின் பதிவாளர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். பீட்டர் ஃபோல்பும் போனார்.

வழி திறந்துவிட்டது என்று விரோடீன் தரப்பு நினைத்திருக்க வேண்டும். புதிய தலைவராக டாக்டர் ஹெலன் ரீஸ் வந்தார். அரசே நியமித்தவர், அரசியல் மாற்றத்தை வரவேற்றவர்.

அவர் காலத்திலும் விரோடீனுக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஆளை மாற்றினால் தரவு மாறாது. மருந்து பின்னர் எல்லை தாண்டித் தான்சானியாவுக்குப் போனது, அங்கே ராணுவ மருத்துவமனையில் சோதனை நடந்தது. எய்ட்ஸுக்கு மருந்தாக அதை எந்த நாடும் ஏற்கவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தால், இது ஓர் அவமானகரமான அத்தியாயம், அவ்வளவுதான் என்று கடந்துவிடலாம். ஆனால் 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் போட்ட கணக்கு 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பற்றிப் பேசுகிறது. அந்த உயிர்கள் போனது விரோடீனால் அல்ல. அப்படியானால் எதனால்?

* * *

விரோடீன் சண்டை நடந்த அதே ஆண்டுகளில், வேறொரு மருந்து எல்லா வாயிற்காவலையும் கடந்து வந்துகொண்டிருந்தது. அதன் பெயர் ஏ.இசட்.டி.

1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வு ஒன்று முடிந்தது. தொற்றுள்ள கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுத்தபோது, குழந்தைக்குத் தொற்றுவது 25 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைந்தது. சீட்டுக் குலுக்கிப் பிரித்த இரண்டு குழுக்கள், வெற்றுப் பொருளோடு ஒப்பீடு, எல்லாம் முறைப்படி. ஏழை நாடுகளுக்குக் கட்டுப்படியாகாது என்றார்கள். 1998 பிப்ரவரியில் தாய்லாந்திலிருந்து பதில் வந்தது: பிரசவத்துக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும் கொடுத்தாலே தொற்று பாதியாகக் குறைகிறது.

அதாவது ‘மயிபுயே’ கட்டுரைக்குச் சில வாரங்கள் முன்பு.

1998 அக்டோபரில் தென்னாப்பிரிக்க அரசு ஒரு முடிவை அறிவித்தது. கர்ப்பிணிகளுக்கு ஏ.இசட்.டி. கொடுக்கும் முன்னோடித் திட்டங்கள் நிறுத்தப்படுகின்றன, காரணம் செலவு. டிசம்பர் 10ஆம் தேதி கேப்டவுனில் ஸாக்கி அக்மத் உள்ளிட்ட சிலர் கூடி ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அவர்கள் குறிவைத்தது மருந்து நிறுவனங்களின் கொள்ளை விலையை. அரசு தங்கள் பக்கம் நிற்கும் என்று நம்பினார்கள். நம்பக் காரணமும் இருந்தது. மலிவு விலை மருந்துக்கு வழி செய்யும் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ நாற்பது நிறுவனங்கள் அந்த அரசின் மீதே வழக்குப் போட்டிருந்தன.

1999 ஜூனில் தாபோ இம்பெக்கி அதிபரானார். விலை குறைந்தால் ஏ.இசட்.டி. வந்துவிடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

அக்டோபர் 28, வியாழக்கிழமை. மாகாணங்களுக்கான தேசிய மன்றத்தில் அதிபர் பேச எழுந்தார். ஏ.இசட்.டி. பற்றி அவர் பேசினார். விலையைப் பற்றி அல்ல. அந்த மருந்து நச்சு, உடல்நலத்துக்கே ஆபத்து என்று சொல்லும் அறிவியல் எழுத்துகள் ஏராளமாக இருக்கின்றன என்றார். உண்மை என்ன என்று கண்டறியுமாறு சுகாதார அமைச்சரைக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். உறுப்பினர்களும் இணையத்தில் குவிந்து கிடக்கும் அந்த எழுத்துகளைப் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார்.

பதினொரு நோயாளிகளின் வாய்மொழியை வைத்து ஓர் ஆலைக் கரைப்பானுக்காகப் போராடிய அதே மனிதர், நூற்றுக்கணக்கான தாய்மார்களிடம் சோதித்து உலகமே ஏற்றுக்கொண்ட மருந்தை நஞ்சு என்று நாடாளுமன்றத்தில் சொல்கிறார். முதலாவதற்குச் சான்று கேட்ட கவுன்சிலை அவர் பொறுக்கவில்லை. இரண்டாவதற்கு எத்தனை சான்று வந்தும் அவருக்குப் போதவில்லை.

ஓராண்டில் என்ன நடந்தது? அதிபரின் கைக்கு எது வந்து சேர்ந்தது?

காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம் நமக்குத் தெரியும். அங்கே ஒரு வழக்கறிஞர் இருந்தார். மருத்துவம் படித்தவர் அல்ல. ஏ.இசட்.டி.க்கு எதிராக அவர் எழுதிச் சேர்த்த பக்கங்கள் 1999இல் அதிகார மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தப் பக்கங்களில் மீண்டும் மீண்டும் வரும் வாதத்துக்கு மூலவர், அமெரிக்காவின் பெர்க்லியில் இருந்த புகழ்பெற்ற உயிரியல் பேராசிரியர் ஒருவர். எய்ட்ஸை உண்டாக்குவது எச்.ஐ.வி.யே அல்ல என்று ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளாகச் சொல்லிவந்தவர். சக விஞ்ஞானிகள் அவரை ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

ஏழே மாதத்தில், பிரிட்டோரியாவில் அதிபர் கூட்டிய அவையில் அவருக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது.

(தொடரும்)